எந்தத் துளையில் எதைச் செருகுவது? ப்ரீஆம்ப், லெவல், இரைச்சல்: வாசகர் கேள்விகளுக்கு பதில்

சீசன் நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி 'எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?' என்று கேட்பவை. (வாத்தியத்திலிருந்து வரும் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக ஆக்கும் பெட்டிதான் ப்ரீஆம்ப்.) வாங்குவதற்கு முன் இப்போது இருக்கும் ஒயரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வந்திருக்கும் புகார்களில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டி, நேராக மிக்ஸரில் லைன் என்று போட்டிருக்கும் துளையில் கொடுக்கிறேன். முதல் தந்தியான சாரணி தகரம் தட்டினாற்போல் கேட்கிறது. கீழ்த் தந்திகளான மந்தரமும் அனுமந்தரமும் இருக்கிற இடமே தெரியவில்லை. பாஸ் குமிழை முழுதாகத் திருப்பினாலும் பயன் இல்லை. கான்டாக்ட் மைக்கையே மாற்ற வேண்டுமா?
(வீணை ஆசிரியை, மயிலாப்பூர்)

பதில்: மாற்ற வேண்டாம். மைக் நன்றாகத்தான் இருக்கிறது. அது வந்து சேரும் இடம்தான் சரியில்லை.

நீங்கள் ஒட்டியிருப்பது பீசோ வில்லை, அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் மெல்லிய தட்டு. மின்சாரக் கணக்கில் அது ஒரு சிறிய கப்பாசிட்டர். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண வில்லை சுமார் 20 நானோஃபேரட் இருக்கும். மிக்ஸரின் லைன் துளைக்கு உள்ளே சுமார் 10 கிலோ ஓம் தடை இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் கீழ் ஸ்வரங்களை வெட்டும் ஃபில்டர் ஒன்று தானாகவே உருவாகிவிடும். வெட்டு தொடங்கும் இடம் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ். மூன்று கட்டை சுருதியில் சேர்த்த வீணையில் சாரணி 165 ஹெர்ட்ஸ், அனுமந்தரப் பஞ்சமம் 62 ஹெர்ட்ஸ். சாரணியின் அடிநாதம் 14 டெசிபல் குறைந்து போகிறது, அனுமந்தரம் 22 டெசிபல் குறைந்து போகிறது. வோல்டேஜில் பார்த்தால் அனுமந்தரத்தில் ஏறத்தாழ பதிமூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பாஸ் குமிழ் அதிகம் போனால் 15 டெசிபல் ஏற்றும், அதோடு மேடையின் அதிர்வையும் மின்விசிறிக் காற்றையும் சேர்த்தே ஏற்றும். மைக் துளையில் செருகினால் நிலைமை இன்னும் மோசம். அங்கே தடை 2 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும், வெட்டு 4,000 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும்.

இதே வில்லையை 1 மெகா ஓம் தடையுள்ள துளையில் கொடுத்தால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது காதுக்கு எட்டாத இடத்துக்கு. ப்ரீஆம்ப்பின் முதல் வேலை சத்தத்தைப் பெருக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பீசோவைப் பொறுத்தவரை முதல் வேலை இந்த உயர் தடையைத் தருவதுதான், பெருக்குவது அடுத்தபடி. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'இதன் இன்புட் இம்பிடன்ஸ் எவ்வளவு?' என்பது. துளைக்கு உள்ளே இருக்கும் அந்தத் தடையைத்தான் அப்படிச் சொல்வார்கள். 1 மெகா ஓம் போதும். 5 அல்லது 10 மெகா ஓம் இருந்தால் சின்ன வில்லைகளுக்கும் பிரிட்ஜின் அடியில் வைக்கும் பட்டை பிக்கப்புக்கும் நல்லது. கிதாருக்கு என்று விற்கும் அகூஸ்டிக் ப்ரீஆம்ப், ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மைக் துளைக்கு ஏற்ப மாற்றித் தரும், மின்சாரத்தில் ஓடும் பெட்டி), இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் என்று பொத்தான் உள்ள துளை, இவற்றில் எது இருந்தாலும் சரி.

வில்லையை ஒட்டும் இடம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குதிரையின் மேலேயே ஒட்டினால் மீட்டும் நகத்தின் 'டிக்' சத்தம் தூக்கலாக வரும். பலகையில், குதிரையின் காலிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினால் நாதம் உருண்டு வரும். ஆனால் பலகை மேடை மானிட்டரின் சத்தத்தையும் வாங்கும், அதனால் ஊளை (ஸ்பீக்கர் சத்தம் திரும்ப உள்ளே நுழைந்து கத்தும் ஃபீட்பேக்) கிளம்ப வாய்ப்பு அதிகம். வீட்டில் பதிவு செய்ய பலகை, பெரிய சபா மேடைக்கு குதிரைக்கு நெருக்கமாக என்று வைத்துக்கொள்ளலாம். தாளத் தந்திகளின் பக்கம் ஒட்டினால் அவை பாட்டையே மூடிவிடும். சாரணிப் பக்கம் சற்றே தள்ளி ஒட்டிப் பாருங்கள். இரட்டைப் பக்க டேப் மெல்லியதாக இருக்கட்டும். பஞ்சு வைத்த தடித்த டேப் மேல் ஸ்தாயியை விழுங்கிவிடும்.

ப்ரீஆம்ப் வீணைக்கு அருகில் இருக்க வேண்டும். வில்லையிலிருந்து ப்ரீஆம்ப் வரை ஒன்றரை மீட்டருக்குள் ஒயர், அங்கிருந்து மிக்ஸர் வரை ஒயர் நீண்டாலும் அவ்வளவு பாதகம் இல்லை. முதல் ஒயரில் ஓடுவது உயர் தடை சிக்னல். பக்கத்தில் இருக்கும் டிம்மரும் மின்விசிறி ரெகுலேட்டரும் அதில் எளிதாகப் புகுந்துவிடும்.

மிக்ஸர் சேனலில் லோ-கட் பொத்தான் இருந்தால் வழக்கம்போல் அமுக்கிவிடாதீர்கள். பல மிக்ஸர்களில் அது 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வெட்டும், உங்கள் அனுமந்தரம் அதற்குக் கீழே இருக்கிறது. அரங்கு குமுறினால் மட்டும் அமுக்கலாம். பீசோவுக்கே உரிய அந்தப் 'பிளாஸ்டிக்' தன்மை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே 3 டெசிபல் குறைத்தால் போதும். ஊளை வந்தால், ப்ரீஆம்ப்பில் சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே அடங்கும்.

காந்தப் பிக்கப் வைத்த வீணைக்கும் உயர் தடைத் துளைதான் வேண்டும். ஆனால் அது எஃகுத் தந்தியைத்தான் எடுக்கும். கீழ்த் தந்திகள் பித்தளையாக இருந்தால் எந்த ப்ரீஆம்ப்பாலும் அவற்றை மீட்க முடியாது.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். சவுண்டுக்காரர் 'சத்தம் உடைகிறது, குறையுங்கள்' என்கிறார். குறைத்தால் 'இரைகிறது, ஏற்றுங்கள்' என்கிறார். ட்யூப் ப்ரீஆம்ப் ஒன்று நடுவில் போட்டால் தடிமனாக வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?
(கீபோர்டு கலைஞர், பெரம்பூர்)

பதில்: கீபோர்டுக்கு ப்ரீஆம்ப் தேவையில்லை. உள்ளேயே ஒன்று இருக்கிறது. உங்கள் கீபோர்டின் பின்புறத் துளையிலிருந்து வருவது லைன் லெவல், முழு வால்யூமில் 1 வோல்ட் அளவுக்கு வரும். மைக்கில் வருவது சில மில்லிவோல்ட். வோல்டேஜ் பத்து மடங்கு ஏறினால் 20 டெசிபல், நூறு மடங்கு ஏறினால் 40 டெசிபல் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் கீபோர்டு மைக்கைவிட 40 டெசிபலுக்கு மேலேயே நிற்கிறது. இன்னொரு பெட்டியை நடுவில் வைத்தால் உடைவதற்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ட்யூபின் நிறம் வேண்டும் என்று தெரிந்தே வாங்குபவர்கள் வாங்கட்டும். உங்கள் சிக்கலுக்கு அது மருந்து அல்ல.

உங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்டது எந்தத் துளை என்பது. உடைவது மைக் துளையில் செருகியதால் இருக்கலாம். அப்படியானால் சவுண்டுக்காரர் கெயினை அடிமட்டத்தில் வைத்தும் உடையும், உங்கள் வால்யூமைக் குறைக்கச் சொல்வதைத் தவிர அவருக்கு வழி இருக்காது. குறைத்ததும் கீபோர்டின் சொந்த இரைச்சல் சிக்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். இரண்டு புகாருக்கும் மூலம் ஒன்றே.

சரியான வரிசை இது. மிக்ஸரின் எல்லா ஃபேடர்களும் (மேலும் கீழும் நகரும் லெவல் பட்டைகள்) கீழே, ஆம்ப்ளிஃபயர் அணைந்த நிலையில் ஒயர்களைச் செருகுங்கள். ஸ்டீரியோவாக இரண்டு சேனல் கிடைத்தால் இடது, வலது இரண்டையும் கொடுங்கள். ஒரு சேனல்தான் என்றால் எல்/மோனோ என்று எழுதிய துளையில் மட்டும் செருகுங்கள், கீபோர்டே இரண்டையும் கலந்து தரும். வலது துளையில் மட்டும் செருகினால் பியானோவின் பாதி காணாமல் போகும். முதலில் கீபோர்டு, பிறகு மிக்ஸர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர் என்று போடவும். அணைக்கும்போது தலைகீழாக, ஆம்ப்ளிஃபயர் முதலில். இந்த வரிசையை மீறும்போது கேட்கும் 'டொப்' சத்தம்தான் ட்வீட்டர்களைக் கொல்கிறது.

கீபோர்டின் மாஸ்டர் வால்யூமை முக்கால் பங்கில் வையுங்கள். பிறகு உங்களிடம் உள்ள சத்தமான டோனைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது பிராஸ் அல்லது லீடு சின்த், மெல்லிய ஃப்ளூட்டை வைத்து லெவல் வைப்பது வீண். ஸ்டைலும் (கீபோர்டு தானே வாசிக்கும் தாளம்) ஓட விட்டு, இரண்டு கையாலும் மேடையில் வாசிக்கும் வேகத்தில் வாசியுங்கள். சவுண்ட் செக்கில் எல்லோரும் தயங்கித் தயங்கி வாசிக்கிறார்கள், மேடையில் விசில் பறந்ததும் 6 டெசிபல் ஏறிவிடுகிறது. 6 டெசிபல் என்றால் வோல்டேஜ் இரட்டிப்பு.

நீங்கள் வாசிக்கும்போது சவுண்டுக்காரர் அந்த சேனலின் பிஎஃப்எல் பொத்தானை (ஃபேடருக்கு முன்னால் உள்ள லெவலை மீட்டரில் காட்டுவது) அமுக்கி, கெயினைக் கீழிருந்து ஏற்ற வேண்டும். அனலாக் மிக்ஸரில் சராசரி 0-இல் நின்று, அழுத்தி வாசிக்கும்போது பிளஸ் 6 தொட்டால் சரி. டிஜிட்டல் மிக்ஸரில் சராசரி மைனஸ் 18, உச்சம் மைனஸ் 10-க்கும் மைனஸ் 6-க்கும் இடையே. டிஜிட்டலில் 0 என்பது கூரை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அனலாக்கில் 0 என்பது வசதியான நடு இடம், அதற்கு மேல் ஏறத்தாழ 18 டெசிபல் வரை இடம் இருக்கும். ஒரே எண்ணை இரண்டிலும் ஒரே பொருளில் படித்துக் கெடுத்த நிகழ்ச்சிகள் ஏராளம்.

பிஎஃப்எல்லை விடுவித்து, சேனல் ஃபேடரை 0 கோட்டில் வைத்து, மாஸ்டரை ஏற்றுங்கள். ஃபேடர் 0-க்கு வெகு கீழே இருந்தால்தான் சத்தம் சரியாக இருக்கிறது என்றால், கெயினைத் தொடாமல் மாஸ்டரையோ ஆம்ப்ளிஃபயரையோ குறைக்கவும். இதன் பிறகு கீபோர்டின் மாஸ்டர் வால்யூமைத் தொடாதீர்கள். ஒரு பாட்டில் ஸ்ட்ரிங்ஸ் அமுங்கினால் அந்த டோனின் லெவலை ரெஜிஸ்ட்ரேஷனுக்குள் (கீபோர்டின் அமைப்பைச் சேமிக்கும் இடம்) ஏற்றிச் சேமித்து வையுங்கள். வாசிப்பின் ஏற்ற இறக்கத்துக்கு எக்ஸ்பிரஷன் பெடல் இருக்கிறது.

இதையெல்லாம் இத்தனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கீபோர்டில் 20 டெசிபல் குறைத்து மிக்ஸரில் 20 டெசிபல் ஏற்றினால் கூட்டத்துக்குக் கேட்கும் சத்தம் அதேதான். ஆனால் வழியில் சேர்ந்த இரைச்சல் பத்து மடங்கு வோல்டேஜில் வெளியே வரும். லெவலை முதல் இடத்திலேயே எழுப்ப வேண்டும். பின்னால் எழுப்பினால் இரைச்சலும் சேர்ந்தே எழும்.

மேடையிலிருந்து மிக்ஸர் 30 மீட்டர் தள்ளி இருந்தால் டிஐ பாக்ஸ் போட்டு மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் ஒயரில் மைக் துளைக்குக் கொடுப்பதுதான் முறை. பாசிவ் டிஐ உங்கள் சிக்னலை 20 டெசிபலுக்கு மேல் குறைத்து மைக் துளைக்குப் பொருத்தமாக்கும். அதையும் மீறி உடைந்தால் மிக்ஸரில் சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தானை அமுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் ப்ரீஆம்ப்பின் பின்புறம் 'பிளஸ் 4', 'மைனஸ் 10' என்று ஒரு ஸ்விட்ச். எதில் வைப்பது?
(அசோக் நகர்)

பதில்: பிளஸ் 4 என்பது ஸ்டூடியோ, மேடைக் கருவிகளின் அளவு, 1.23 வோல்ட். மைனஸ் 10 என்பது வீட்டு ஆடியோ கருவிகளின் அளவு, 0.316 வோல்ட். இடைவெளி 12 டெசிபல். மிக்ஸருக்குப் போனால் பிளஸ் 4. வீட்டு ஹைஃபை ஆம்ப்ளிஃபயரின் ஆர்சிஏ துளைக்குப் போனால் மைனஸ் 10.

கேள்வி: நடனப் பள்ளி நடத்துகிறேன். சலங்கை பூஜைக்கு மண்டபத்தில் ஃபோனிலிருந்து பாட்டு போட்டோம். பக்க வாத்தியமும் எதிரொலியும் கேட்கின்றன, பாடுபவர் குரல் மட்டும் காணோம்! அதே ஃபோன் வீட்டு ஸ்பீக்கரில் சரியாகப் பாடுகிறது. மண்டபத்துக்காரர் ஃபோன் பழுது என்கிறார்.
(தாம்பரம்)

பதில்: ஃபோன் பழுதில்லை. 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஒரு முனையிலும் ஒற்றை எக்ஸ்எல்ஆர் மறு முனையிலும் உள்ள ஒயரைப் போட்டிருப்பார்கள். ஃபோனின் ஜாக்கில் நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல். எக்ஸ்எல்ஆரின் 2-ஆம் பின்னுக்கு இடதும் 3-ஆம் பின்னுக்கு வலதும் போய்ச் சேரும். பேலன்ஸ்டு மைக் துளையின் வேலையே 2-லிருந்து 3-ஐக் கழிப்பது. பாடகர் குரல் இரண்டு சேனலிலும் சமமாக நடுவில் பதிவாகியிருக்கும். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இடதும் வலதும் வேறுபடும் எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும்தான் தப்பிக்கின்றன.

ஒரு 3.5 ஜாக்கிலிருந்து இரண்டு தனி மோனோ ஜாக்குகளாகப் பிரியும் ஒய் ஒயர் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். இரண்டு லைன் துளைகளில் கொடுத்தால் தீர்ந்தது. ஒரே துளைதான் கிடைக்கும் என்றால் ஒய் ஒயரின் ஒரு காலை மட்டும் செருகுங்கள். இரண்டு சேனலையும் ஒன்றாக முறுக்கிவிடுவது தவறு, ஒன்று மற்றதன் அவுட்புட்டை இழுக்கும். கலக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் தடை வைத்துச் சேர்க்க வேண்டும்.

ஃபோன் வால்யூம் முழுதுக்கு ஒரு படி கீழே, ஏரோப்ளேன் மோடு கட்டாயம். வர்ணத்தின் நடுவே அழைப்பு மணி அடித்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்குக் கொடுத்தால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடு, சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து ஸ்டூடியோக்காரர்.
(வில்லிவாக்கம்)

பதில்: உடைக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே எங்காவது கசிந்தால் அது மண்ணுக்குள் போக இருக்கும் ஒரே வழி அந்தப் பின்தான். அது இல்லையென்றால் மைக்கில் உதடு வைத்துத் தந்தியில் கை வைத்திருப்பவர் வழியாகப் போகும்.

லேப்டாப் ஒரு வழியாகவும் மிக்ஸர் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொட்டு, நடுவில் ஆடியோ ஒயரின் ஷீல்டு மூன்றாவது வழியாகி ஒரு வளையம் உண்டாகிறது. அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ்தான் உறுமல். முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்கவும். இங்கே துண்டிக்கப்படுவது சிக்னலின் எர்த், மின்சாரத்தின் எர்த் அல்ல.

சத்தத்தை வைத்தே காரணத்தை ஓரளவு பிரிக்கலாம். ஆழ்ந்த உறுமல் வளையத்தால் வருவது. 100 ஹெர்ட்ஸில் கரகரவென்று இருந்தால் மலிவான அடாப்டர் அல்லது டிம்மர். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அதே கரகரப்பு வரும், கரண்ட் போனதும் வரும் இரைச்சலுக்கு அதுவே காரணம். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று மாறினால் யூஎஸ்பி வழியாக வரும் குப்பை. இரண்டு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்பது அடாப்டருக்குள் இருக்கும் கப்பாசிட்டரின் கசிவு. அளவில் சிறியதுதான், ஆனால் ஆடியோவில் நன்றாகக் கேட்கும்.

பழைய வீடுகளில் மூன்று துளை இருந்தும் எர்த் ஒயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்து, கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ப்ரீஆம்ப்பையும்விட அது முக்கியமான செலவு.

கேள்வி: மிக்ஸரில் ஃபான்டம் 48 வோல்ட் போட்டால் கீபோர்டு எரிந்துவிடுமா?
(ராயபுரம்)

பதில்: ஃபான்டம், அதாவது மைக்குக்காக மிக்ஸர் அதே ஒயரில் அனுப்பும் மின்சாரம், வழக்கமாக எக்ஸ்எல்ஆர் துளைகளில் மட்டும் வரும், பெரிய ஜாக் துளைகளில் வராது. ஆபத்து எக்ஸ்எல்ஆரை ஜாக்காக மாற்றும் ஒயரில்தான். அதில் 48 வோல்ட் நேராகக் கீபோர்டின் அவுட்புட்டுக்குள் போகும், பழுதாக வாய்ப்புண்டு. நடுவில் டிஐ இருந்தால் பயமில்லை. ஃபான்டத்தைப் போடும்போதும் அணைக்கும்போதும் அந்த ஃபேடர் கீழே இருக்கட்டும். அணைத்த பின் அரை நிமிடம் கழித்து ஒயரைப் பிடுங்குங்கள்.

கேள்வி: சாலிடரிங் தெரியும். பீசோவுக்கு நானே ப்ரீஆம்ப் செய்ய எளிய சர்க்யூட் சொல்வீர்களா? ரிச்சி தெருவில் கிடைக்கும் பாகங்களாக இருந்தால் நல்லது.
(பொறியியல் மாணவர், குரோம்பேட்டை)

பதில்: எல்லாம் அங்கே கிடைக்கும். டிஎல்072 ஐசி, 8 கால் சாக்கெட், 9 வோல்ட் பேட்டரி, உலோகப் பெட்டி.

பேட்டரியின் பிளஸ் 1என்5817 டயோடு வழியாக 8-ஆம் காலுக்கு, மைனஸ் 4-ஆம் காலுக்கு. பேட்டரியைத் தலைகீழாகத் தொட்டுவிட்டாலும் டயோடு காப்பாற்றும். 8-க்கும் 4-க்கும் இடையே, ஐசியை ஒட்டியே ஒரு 100 நானோஃபேரட். ஒற்றை பேட்டரியில் ஓடுவதால் ஐசிக்கு நடு வோல்டேஜ் ஒன்று வேண்டும். 8-க்கும் 4-க்கும் குறுக்கே 10 கிலோ ஓம் இரண்டைத் தொடராக வைத்து, நடுப்புள்ளியிலிருந்து மைனஸுக்கு 47 மைக்ரோஃபேரட். அங்கே சுமார் 4.5 வோல்ட் கிடைக்கும்.

வில்லையின் உயிர் ஒயர் முதலில் 10 கிலோ ஓம், பிறகு 47 நானோஃபேரட் வழியாக 3-ஆம் காலுக்கு. அந்தக் காலிலிருந்து நடுப்புள்ளிக்கு 2.2 மெகா ஓம். இந்த 2.2 மெகாதான் வில்லை பார்க்கும் தடை, இதைக் குறைத்தால் முதல் கேள்வியில் சொன்ன கதை உங்களுக்கும் நடக்கும். 1-ஆம் காலிலிருந்து 2-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம். 2-ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம், அதன் மறு முனையில் 10 மைக்ரோஃபேரட், அதன் மைனஸ் கிரவுண்டில், அதாவது பேட்டரியின் மைனஸில். பெருக்கம் 1 கூட்டல் 10 வகுத்தல் 4.7, அதாவது 3.1 மடங்கு, 10 டெசிபல். வீணைக்கும் வயலினுக்கும் அது தாராளம். அதிகம் வைக்க ஆசை வரும், வேண்டாம். 9 வோல்ட்டில் இந்த ஐசி உச்சத்துக்கு உச்சம் 6 வோல்ட் அளவில் தலை தட்டிவிடும்.

அவுட்புட் 1-ஆம் காலிலிருந்து 100 ஓம், 10 மைக்ரோஃபேரட் வழியாக ஜாக்குக்கு. கப்பாசிட்டரின் பிளஸ் ஐசி பக்கம். ஜாக்கின் உயிருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 கிலோ ஓம் வைத்தால் செருகும்போது 'டொப்' வராது. ஐசியின் இரண்டாம் பாதியைத் தொங்கவிடக்கூடாது: 6-ஐயும் 7-ஐயும் சேர்த்து, 5-ஐ நடுப்புள்ளிக்குக் கொடுங்கள்.

பெட்டியைக் கிரவுண்டோடு இணைக்க மறந்தால் கை கிட்டே போனதும் உறுமும். வில்லையில் சாலிடர் வைக்கும்போது வெள்ளைப் பகுதியில் இரண்டு விநாடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள், மேலே பூசிய வெள்ளி உரிந்துவிடும். பிளாஸ்டிக் பெட்டியில் செய்துவிட்டு 'இரைகிறது' என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: ஆக்டோபேட் (குச்சியால் அடிக்கும் எலக்ட்ரானிக் டிரம் பேடு) வாசிக்கிறேன். மிக்ஸர் மீட்டர் மைனஸ் 5-ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் கிக் 'படக்' என்று உடைகிறது.
(வியாசர்பாடி)

பதில்: முள் மீட்டர் சராசரியைக் காட்டுவது. அது நிமிர 300 மில்லிவிநாடி எடுக்கும், உங்கள் அடியின் உச்சம் சில மில்லிவிநாடியில் முடிந்துவிடுகிறது. மீட்டர் காட்டுவதைவிட உண்மையான உச்சம் 10, 15 டெசிபல் மேலே இருக்கலாம். பலமாக அடிக்கும்போது சராசரி மைனஸ் 10-ஐத் தாண்டாமல் கெயினை வையுங்கள், பீக் விளக்கு ஒரு முறைகூட எரியக்கூடாது. முதல் நிலையில் உடைந்ததை ஃபேடரைக் குறைத்துச் சரி செய்ய முடியாது. உடைந்தது சின்னச் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். பேடிலேயே எந்த கிட் அதிகச் சத்தம் என்று பார்த்து, மற்றவற்றை அதற்குச் சமமாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு மாணவர்களுக்கு ஜூமில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி தொடங்கியதும் சில விநாடி கேட்கிறது, பிறகு காணாமல் போகிறது என்கிறார்கள். இங்கே நிற்காமல்தான் ஓடுகிறது.
(மேற்கு மாம்பலம்)

பதில்: மாறாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அழிப்பதுதான் ஜூமின் இரைச்சல் நீக்கியின் வேலை. சுருதி மாறாமல் ஒலிப்பது, பாவம், அதுவும் போய்விடுகிறது. ஆடியோ அமைப்பில் ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ் என்பதை இயக்கி, ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் அது ஓடுகிறதா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலேயே எதிரொலி நீக்கத்தை அணைத்தால் நாதம் இன்னும் தெளியும், ஆனால் அப்போது நீங்கள் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் குரல் மைக் முதல் துளையில், சுருதிப் பெட்டியின் லைன் அவுட் இரண்டாம் துளையில், அது லைன் என்ற நிலையில் இருக்கட்டும். பாடும்போது உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி. சுருதி, குரலைவிட 10 முதல் 12 டெசிபல் கீழே. சுருதிப் பெட்டியின் வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்து, இன்டர்ஃபேஸ் கெயினைத் தாழ்த்துங்கள். தலைகீழாக வைத்தால் இரைச்சல்.

எங்கள் கருத்தைக் கேட்டால், மாணவர் தன் வீட்டில் அதே கட்டையில் சுருதி போட்டுக்கொள்வதே மேல். இணையத்தில் ஒலி தாமதித்துத்தான் போகும், விட்டு விட்டும் போகும். பாடம் கேட்பவருக்குப் பக்கத்தில் அறுபடாத சுருதி ஒன்று வேண்டும்.

கேள்வி: ப்ரீஆம்ப் உள்ள வயலின். 9 வோல்ட் பேட்டரி வாரத்துக்கு ஒன்று போகிறது. வாசிப்பதோ தினம் ஒரு மணி நேரம்.
(நங்கநல்லூர்)

பதில்: ஜாக்கைச் செருகியபடியே வைத்துவிடுகிறீர்கள். இந்த வகைக் கருவிகளில் ஜாக் செருகுவதே ஸ்விட்ச், பேட்டரியின் மைனஸ் அதன் வழியாகத்தான் இணைகிறது. வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். ஸ்டீரியோ ஜாக் உள்ள ஒயர் போட்டால் சில கருவிகளில் இணைப்பே நடக்காது, மோனோ ஜாக் வேண்டும். பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அழுத்தி வாசிக்கும் இடங்கள் கரகரக்கத் தொடங்கும். மல்டிமீட்டரில் பார்த்து, கச்சேரிக்கு முந்தின நாளே மாற்றிவிடவும்.

கேள்வி: கெயின் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. ஒரு சேனல் விட்டு விட்டு வேலை செய்கிறது. மிக்ஸர் வாங்கி இரண்டு வருடம்தான்.
(பெசன்ட் நகர்)

பதில்: கடல் காற்றில் இரண்டு வருடம் என்பது நீண்ட காலம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, குமிழின் காலடியில் கான்டாக்ட் க்ளீனர் சிறிது அடித்து இருபது முப்பது முறை முழுக்கத் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் பொது எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்த பிறகும் ஒரே குமிழ் கரகரத்தால், உள்ளே ஒரு கப்பாசிட்டர் கசிந்து குமிழில் டிசி ஏறுகிறது என்று பொருள். அது மெக்கானிக் வேலை.

விட்டு விட்டு வரும் சேனலில் இன்சர்ட் துளை (வெளிக் கருவியை நடுவில் இணைக்கும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் அந்தத் துளையின் உள் ஸ்ப்ரிங் வழியாகத்தான் போகிறது, அதில் களிம்பு படிந்தால் அறுந்து அறுந்து வரும். ஒரு ஜாக்கைப் பத்து முறை உள்ளே வெளியே செருகி எடுங்கள். மிக்ஸரை மூடி வைக்கும் உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றவும்.